தப்புப் பாத்தி

ஜூன் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நானும் என் வீட்டுக்காரியும் அம்மாவும் நலம். அம்மாவின் இடுப்பு மட்டும் எங்களோடு சேர மறுக்கிறது. நடப்பதற்கென்று வாக்கர் வாங்கிக் கொடுத்தேன். அதைத் தூக்கி என்னைச் சுட்டிக்காட்டித் திட்டத்தான் பயன்படுத்துகிறாள். உன் கால் வீக்கம், அத்தானின் ரத்தக்கொதிப்பு, உங்கள் கல்வித்துறைத் தலைமை அலுவலகத்தின் சுற்றாத மின்விசிறி, எல்லாம் எப்படி?

பள்ளி திறந்தாயிற்று. எங்கள் வேளாண் உயர்நிலைப் பள்ளிக்குப் புதுத் தலைமையாசிரியர் வந்திருக்கிறார். பத்து நாளில் பதினேழு சுற்றறிக்கை. நாம் வணக்கம் சொன்னால் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வது போலத் தலையாட்டுவார். பிள்ளைகள் இரண்டாம் நாளே ‘சுற்றறிக்கை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு இருபத்திரண்டு வருடமாக ‘வானொலி’ என்று பெயர். காரணம் உனக்குத் தெரியும். சின்ன வயதில் என் வாயில் துணியை அடைத்தவளே நீதானே. அதனாலேயே சுற்றறிக்கை எது வந்தாலும் ஆசிரியர் அறையில் உரக்கப் படிக்கும் உத்தியோகம் எனக்கு.

வேளாண் பாடத்துக்கு நாங்கள் இரண்டு பேர் என்று உனக்குத் தெரியும். நானும் ‘மண்புழு’வும். எந்நேரமும் முட்டி போட்டு மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். நான் கரும்பலகையில் வேர் வரைவேன், அவர் வேரையே பிடுங்கிக் காட்டுவார். ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு ஒரு பாத்தியைத் தனியாக ஒதுக்கி, “இதுல என்ன தப்பு பண்ணலாம், நீங்களே சொல்லுங்க” என்பார். இந்த வருடம் விதையை ஒரு முழ ஆழத்தில் புதைத்திருக்கிறார்கள். பாத்தியின் தலைமாட்டில் ஒரு பலகை. செய்த தப்பு, செய்தவர், விளைந்தது என்று மூன்று வரி. செய்தவர் தன் பேரைத் தன் கையாலேயே எழுதவேண்டும். ஒருவன் பக்கத்துப் பையன் பேரை எழுதப் போனபோது மட்டும் மனிதர் கோபப்பட்டார். “அடுத்தவன் பேரை எழுதுறது இங்க கிடையாதுடா.” வெள்ளிக்கிழமைதோறும் சுற்றி உட்கார்ந்து செடி ஏன் சாகிறது என்று எழுதுவார்கள்.

மொத்தத்தில், அரசாங்க விதையை எடுத்துச் செடியைக் கொல்லப் பயிற்சி தருகிற ஒரே ஆசிரியர் உலகத்திலேயே இவர்தான்! பாடப்புத்தகத்தை மூன்று வருடமாகத் திறக்கவில்லை. நாற்காலியின் ஒரு கால் குட்டை, அதற்கு முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறார்.

படித்துச் சிரி. கால் வீக்கத்துக்குச் சிரிப்பு நல்லது.

உன் அன்புத் தம்பி

ஜூலை 2

அன்புத் தம்பிக்கு ஆசீர்வாதம். இங்கு நாங்கள் நலம். அம்மா மாத்திரையைச் சரியாகப் போட்டுக்கொள்கிறாளா? கழிவறையில் கைப்பிடி போட்டாயா?

உன் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். சிரித்து இருமல் வந்து, எதிர் மேஜைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நாற்காலிக் கால் விஷயம் பிரமாதம். அவரைப் பற்றி இன்னும் எழுது.

கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் இருவரும் ஒரே வருடத்தில்தானே சேர்ந்தீர்கள்? யார் முன்னே?

இங்கே வேலை அதிகம். மேஜை மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

அக்கா

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

அனைவரும் நலம். கைப்பிடி போட்டாயிற்று. அம்மா அதில் துணி காயப்போடுகிறாள். இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அவர்தான் எனக்கு முன்னே. ஒன்பது நாள்! எனக்கும் அவருக்கும் ஒரே தேதியில்தான் உத்தரவு. ஆனால் அன்றைக்குப் பார்த்து எனக்குப் பொன்னுக்கு வீங்கி, முகம் பூசணிக்காயாகி, ஒன்பது நாள் கழித்துப் போய்க் கையெழுத்துப் போட்டேன். என் சரித்திரத்தையே மாற்றிய வீக்கம் அது. எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த வருடம் பிள்ளைகள் நாற்பது பேர் சேரவேண்டிய இடத்தில் பத்தொன்பது பேர்தான். பணி நிரவல் வரும், ஒரு வேளாண் ஆசிரியரை வேறு ஊர்ப் பள்ளிக்குத் தூக்கிவிடுவார்கள் என்று பேச்சு. அப்படி வந்தால் பின்னே சேர்ந்தவன்தான் பெட்டி கட்டவேண்டும். அந்தப் பெட்டி என்னுடையது. உங்கள் அலுவலகத்தில் ஏதாவது காற்றுவாக்கில் வந்தால் சொல்.

மண்புழுவைப் பற்றி இன்னும் கேட்டாயே, இதைக் கேள். அவர் வருகைப் பதிவேட்டை ஆட்டுக் கொட்டகைச் சுவரில் வைத்துவிட்டுத் தண்ணீர் திறக்கப் போயிருக்கிறார். நம் பள்ளி ஆட்டுக்குப் படிப்பில் ஆர்வம் அதிகம். திரும்பி வந்து பார்த்தால் ஒரு மாத வருகையைத் தின்று ஏப்பம் விட்டுக்கொண்டிருக்கிறது. அப்போது கொட்டகையில் இருந்தது நானும் அவரும்தான். “சார், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க” என்றார். “சேச்சே, நானா?” என்றேன். அந்த மாதம் எல்லாப் பிள்ளைக்கும் முழு வருகை!

உன்னிடம் சொன்னால் அது சொன்னதாகாது. நீ நான் மாதிரிதானே.

தம்பி

ஆகஸ்ட் 21

அன்புத் தம்பிக்கு,

நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அம்மாவின் எக்ஸ்ரே என்ன சொன்னது? அவளை இங்கே கொண்டுவந்து வைத்துக்கொள்ள எனக்கு ஆசைதான். ஆனால் மாடிப்படி இருக்கிறதே. கீழறை முழுக்க அத்தானின் பழைய சாமான்.

அந்த ஆட்டு விஷயம் எந்த மாதம் நடந்தது? சும்மாதான் கேட்கிறேன், அத்தானிடம் சொன்னேன், நம்பமாட்டேன் என்கிறார்.

அக்கா

ஆகஸ்ட் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். எக்ஸ்ரே எடுத்தவர் இனி படியேறவே கூடாது என்றார். அம்மா அவரைப் பார்த்து, “உனக்குக் கல்யாணம் ஆச்சா?” என்று கேட்டாள். வந்துவிட்டோம்.

பிப்ரவரி. அத்தானிடம் சொல், பிப்ரவரி மாதத்து வருகை முழுவதும் ஆட்டின் வயிற்றில்.

இங்கே சிரிப்பு குறைந்துகொண்டு வருகிறது. நிரவல் நிச்சயம் என்று சுற்றறிக்கையே சொல்லிவிட்டார். நான் போனால், என் வீட்டுக்காரி அவளுடைய இரவு வேலையை விட முடியாது, அம்மா ஒரு ராத்திரிகூடத் தனியாக இருக்க முடியாது. அத்தானின் சாமானோடு சாமானாக அவளை உன் கீழறையில்தான் வைக்கவேண்டிவரும். முகம் சுளிக்காதே, விளையாட்டுக்குச் சொன்னேன். பாதி விளையாட்டு.

நேற்று மண்புழுவிடம் புலம்பினேன். முட்டி போட்டபடியே நிமிர்ந்து பார்த்தார்.

“ரெண்டு பேர்ல ஒருத்தர்னா, வீட்டுல முடியாதவங்க இருக்கிறவரு இருக்கட்டும் சார். பிப்ரவரில செய்முறைத் தேர்வு முடியட்டும். அப்புறம் நானே மாற்றல் கேட்டு எழுதிக் குடுத்துட்டுப் போறேன்.”

“உங்களுக்குக் கஷ்டமில்லையா?”

“மண்ணு எங்கயும் இருக்கும் சார்.”

இப்படிச் சொல்கிற மனிதரிடம் என்ன பேசுவது? ஒரு களையைப் பிடுங்கினேன். அது நாற்று என்று சொல்லித் திரும்ப நட்டார்.

தம்பி

அக்டோபர் 4

தம்பிக்கு,

நலம். பயப்படாதே. உனக்கு ஒன்றும் ஆகாது. அம்மாவைப் பார்த்துக்கொள்.

அக்கா

அக்டோபர் 19

அக்காவுக்கு,

எல்லாரும் நலம் என்று எழுதித்தான் தொடங்கவேண்டும், எழுதிவிட்டேன்.

நேற்று பதினொரு மணிக்குச் சுற்றறிக்கை ஆசிரியர் அறைக்கு ஒரு உறையோடு வந்தார். “வானொலி, படிங்க” என்றார். முதல் தடவையாக அவர் வாயில் என் பட்டப்பெயர். நானும் தொண்டையைச் செருமி, செய்தி வாசிப்பது போல ஆரம்பித்தேன். மாற்றல் உத்தரவு. பேர் என்னுடையது இல்லை, மண்புழுவுடையது. எனக்கு நிம்மதியாக இருந்ததை ஒளிப்பானேன், இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் குரல் கொஞ்சம் ஏறிக்கூட இருக்கும்.

அப்புறம் காரணங்கள். “அரசு வழங்கும் விதைகளைப் பயன்படுத்திப் பயிர்களை வேண்டுமென்றே அழிக்க மாணவர்களைப் பயிற்றுவித்தல்.” இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டே படிக்கிறேன். “கடந்த மூன்றாண்டுகளாகப் பாடநூலைத் திறவாது இருக்கையின் கீழ் முட்டாகப் பயன்படுத்துதல்.” தாளிலிருந்து தலையைத் தூக்கினேன். “ம், படிங்க” என்றார் சுற்றறிக்கை. “பிப்ரவரி மாத வருகைப் பதிவேடு கால்நடையால் உட்கொள்ளப்பட்டமையும், அதன்பின் முழு வருகை புனையப்பட்டமையும், நம்பத்தகுந்த தகவலின்படி...”

அக்கா, என்னை யாரும் இதுவரை நம்பத்தகுந்தவன் என்று சொன்னதில்லை. கட்டிக்கொண்டவள்கூட. உங்கள் அலுவலகம் சொல்லிவிட்டது.

அறையில் கணக்கு டீச்சர் சிரிப்பை அடக்கி இருமினாள். மண்புழு சிரிக்கவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணை மெதுவாக உதிர்த்துக்கொண்டே என்னிடம் வந்தார்.

“ஆடு விஷயம் நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும் சார்?”

அவ்வளவுதான் கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. நான் உத்தரவை நாலாக மடித்து உறைக்குள் திணித்தேன்.

மேஜை மாற்றிப் போட்டார்கள் என்று எழுதினாயே. எந்த மேஜை?

தம்பி

நவம்பர் 11

அக்காவுக்கு,

எந்த மேஜை என்று மூன்று வாரத்துக்கு முன்னாலேயே கேட்டிருந்தேன். பதில் இல்லை. சரி, நானே பேசுகிறேன், பழக்கம்தானே.

மண்புழு போய்விட்டார். எட்டு மணி நேரப் பேருந்துத் தூரத்தில் ஒரு பள்ளி. மூன்று மாடி, நான்கு பக்கமும் சிமெண்ட் தரை. தொட்டிச் செடிகூடக் கிடையாதாம். நூலக அறையின் சாவியைக் கொடுத்து உட்காரவைத்திருக்கிறார்கள். புத்தகத்தைத் திறக்காதவருக்கு நூலகம். இந்த மாதிரி நகைச்சுவை எனக்கு வராது, உங்கள் அலுவலகத்துக்குத்தான் வரும்.

போன வெள்ளிக்கிழமை சுற்றறிக்கை டிராக்டரை வரவழைத்துத் தப்புப் பாத்தியை உழுது மட்டமாக்கிவிட்டார். “ஆட்சேபணைக்குரிய பாத்தி” என்று அதற்குத் தனிச் சுற்றறிக்கை. அதையும் நான்தான் படித்தேன். பத்தொன்பது பிள்ளைகளும் வேலியோரம் வரிசையாக நின்று பார்த்தார்கள். ஒரு பெண் மட்டும் ஓடிப்போய்ப் பலகையைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். “சார், இதுல இன்னும் மூணாவது வரி எழுதலை” என்றாள். என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். பிப்ரவரித் தேர்வுக்கு அவர்களை இனி நான்தான் தயார் செய்யவேண்டும். வகுப்பில் வேர் வரைந்தேன். “சார், இது எந்தச் செடியோட வேர்?” என்றாள் அதே பெண். எந்தச் செடியுடையதும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரே வேரைத்தான் வரைகிறேன்.

எனக்குப் பதவி உயர்வு. வேளாண் பிரிவின் பொறுப்பாசிரியர். பிரிவில் நான் ஒருத்தன்தான்.

உன் கடிதங்களை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தேன். யார் முன்னே? இன்னும் எழுது. எந்த மாதம்? நான் சிரிப்புக்கு எழுதியதை நீ சிரிக்காமல் படித்திருக்கிறாய். பின்னே சேர்ந்தவன் போகவேண்டும் என்பது விதி, அதை உடைக்க முன்னே சேர்ந்தவர் மேல் ஒரு குற்றம் வேண்டும். தம்பியைக் காப்பாற்றத்தான் செய்தாய் என்று இரண்டு நாள் நம்பிப் பார்த்தேன். அப்புறம் இன்னொன்றும் கண்ணில் பட்டது. முன்பெல்லாம் ஒவ்வொரு கடிதத்திலும் அம்மாவின் மாத்திரை, கைப்பிடி, எக்ஸ்ரே என்று கேட்டிருக்கிறாய். ஒன்றிலாவது வந்து பார்க்கிறேன் என்று இல்லை. கீழறை என்று நான் எழுதியதற்குப் பின்னால் வந்தது இரண்டே வரி. “உனக்கு ஒன்றும் ஆகாது.”

எனக்கா ஆகாது, உன் கீழறைக்கா?

தம்பி

நவம்பர் 20

தம்பிக்கு,

நலம்.

பணி நிரவல் பிரிவின் கண்காணிப்பாளர் மேஜைதான். ஜூனிலேயே கொடுத்தார்கள். வெளியில் சொல்லக்கூடாது என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். உங்கள் பள்ளியின் வரிசையில் உன் பேர்தான் இருந்தது. ஒன்பது நாள். நான் எத்தனை நாள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று உனக்குத் தெரியாது.

நான் எதையும் கற்பனை செய்யவில்லை. நீ எழுதியதை எடுத்து அலுவலகத் தமிழில் போட்டேன், அவ்வளவுதான். பொய் என்றால் அது உன் பொய். நீ அவரைக் கேலி செய்யலாம், நான் கோப்பில் வைக்கக்கூடாதா?

இனி இதைப் பற்றி எழுதாதே. கடிதங்களைக் கிழித்துவிடு.

அக்கா

டிசம்பர் 1

ஐயா,

தங்கள் மன்னிப்புக் கடிதம் வந்தது. நாற்காலிக்கு அடியில் இருந்தது உங்கள் புத்தகம் என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு அப்போதே தெரியும். அது உங்கள் நாற்காலிதானே.

எனக்கு இனி எழுதவேண்டாம். எழுதினால் எதை எடுத்து எங்கே வைப்பீர்களோ என்று இருக்கிறது.

பிள்ளைகளுக்காக ஒன்று. மூன்றாம் வரிசைத் தக்காளிக்குத் தண்ணீரைக் குறையுங்கள், இலை ஓரம் மஞ்சளாகியிருக்கும். கரும்பலகையில் காட்டாதீர்கள். கையில் எடுத்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
நூலகப் பொறுப்பு

டிசம்பர் 9

அனுப்புநர்: பொறுப்பாசிரியர், வேளாண் பிரிவு.

பெறுநர்: கண்காணிப்பாளர், பணி நிரவல் பிரிவு, தலைமை அலுவலகம்.

நகல்: இயக்குநர் அவர்களுக்கு, பதிவுத் தபாலில்.

மதிப்பிற்குரிய அம்மா,

இப்பள்ளியின் வேளாண் ஆசிரியரை மாற்றிய உத்தரவில் கண்ட ‘நம்பத்தகுந்த தகவல்’ அடியேன்தான் என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எங்கள் பள்ளியில் ஒரு பாத்தியின் பலகையில் எழுதும் முறைப்படியே இதை எழுதுகிறேன். வேறு முறை எனக்குத் தெரியவில்லை.

செய்த தப்பு: என் சொந்தக் கடிதங்களில் உடன் பணிபுரியும் ஆசிரியரைப் பற்றி வேடிக்கைக்காக எழுதியது. நாற்காலிக்கு முட்டுக்கொடுத்த பாடநூல் என்னுடையது, நாற்காலியும் என்னுடையது. அவருக்கு அந்நூல் மனப்பாடம், திறக்க அவசியமில்லை. ஆடு தின்றது பதிவேட்டு அட்டையின் ஒரு மூலை மட்டுமே. அதை ஒரு மாத வருகையாக வளர்த்தது ஆடு அல்ல, நான். பிப்ரவரி மாதப் பக்கம் முழுசாக இருக்கிறது, அதில் பதினொரு நாள் வராத பிள்ளையின் பெயருக்கு எதிரே பதினொரு புள்ளியும் இருக்கிறது. பக்கத்தை இணைத்துள்ளேன். செடியைச் சாகவிட்டு ஏன் செத்தது என்று எழுதவைத்தது உண்மை. அதனால் அவரிடம் படித்த பிள்ளைகளுக்குத் தெரிந்த அளவு வேளாண்மை எனக்குத் தெரியாது என்பதும் உண்மை.

செய்தவர்: நான். இருபத்திரண்டாண்டுப் பணி. அவரைவிட ஒன்பது நாள் குறைவு. விதிப்படி மாற்றப்படவேண்டியவன்.

விளைந்தது: தாங்கள் அறிவீர்கள்.

அக்கடிதங்கள் யாருக்கு எழுதப்பட்டன என்பதை நான் குறிப்பிடவில்லை. அந்தப் பலகையில் அடுத்தவர் பேரை எழுதும் வழக்கம் கிடையாது. ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன்.

கடிதங்களைக் கிழிக்கவில்லை.

தங்கள் உண்மையுள்ள,
பொறுப்பாசிரியர்

ஜனவரி 22

அனுப்புநர்: கண்காணிப்பாளர், பணி நிரவல் பிரிவு.

பொருள்: தங்கள் டிசம்பர் 9ஆம் தேதிய கடிதம்.

மேற்படி கடிதமும் இணைப்பும் பெறப்பட்டு, பதிவு செய்யப்பட்டு, மாற்றல் உத்தரவுக் கோப்பில் சேர்க்கப்பட்டன. கோப்பு மறுபரிசீலனைக்காக இயக்குநருக்கு அனுப்பப்பட்டுள்ளது. கடிதங்களைப் பெற்றவரின் பெயருக்கென விடப்பட்டிருந்த வரி வெற்றாக இருந்தது. அது இவ்வலுவலகத்தில், உரியவர் கையாலேயே நிரப்பப்பட்டது. இப்பிரிவின் கண்காணிப்பாளர் நாளை முதல் வேறு பிரிவுக்கு மாற்றப்படுவதால், இனி இம்மேஜைக்குக் கடிதம் எழுதவேண்டாம்.

(அடியில், பேனாவால்)

கீழறையைக் காலி செய்தாயிற்று. இங்கே கைப்பிடி எந்த உயரத்தில் போடவேண்டும் என்று அம்மாவைக் கேட்டு எழுது. வேறு எதுவும் எழுதவேண்டாம்.